ஒன்பதாம் வகுப்பு ஓவிய பீரியடுக்கு எதை வாங்குவது: பேனா மையா, வாட்டர் கலரா, போஸ்டர் கலரா?

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் புதிதாகச் சேர்ந்த ஓவிய ஆசிரியர்களிடமிருந்து வரும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். "எச்.எம். கொஞ்சம் பணம் ஒதுக்கித் தருகிறேன் என்கிறார். வகுப்பு முழுக்க ஏதாவது ஒரு வகைப் பொருள்தான் வாங்க முடியும். எதை வாங்கட்டும்?" கேட்பவர்களில் பலர் வாரத்தில் மூன்று அரைநாள் வந்துபோகும் பகுதிநேர ஆசிரியர்கள். அவர்களுக்குத் தனி ஓவிய அறை கிடையாது. கரும்பலகையைப் பாதி துடைத்துவிட்டு அடுத்த பீரியடுக்கு வழிவிட வேண்டிய நிலைமை.

இதற்கு இரண்டு பதில்கள் தயாராக இருக்கின்றன. கலைக் கல்லூரியில் படித்தவர்கள் "வாட்டர் கலர்தான் அடிப்படை" என்பார்கள். ஸ்டேஷனரி கடைக்காரர் "போஸ்டர் கலர் எடுத்துட்டுப் போங்க சார், எல்லா ஸ்கூலும் அதான்" என்பார். இருவருமே வண்ணப் பெட்டியைப் பார்த்துப் பேசுகிறார்கள். என் கணக்கில் பெட்டியின் விலை கடைசியாகப் பார்க்க வேண்டியது. தாள், தண்ணீர், நிமிடம் ஆகிய மூன்றும்தான் ஓர் ஊடகம் உங்கள் வகுப்பில் நிற்குமா என்பதை முடிவு செய்கின்றன.

கீழே சொல்வதெல்லாம் ஒன்பது முதல் பதினொன்றாம் வகுப்பு வரை, நாற்பது பிள்ளைகள், வாரம் ஒரு பீரியடு, சாதாரண பெஞ்சு டெஸ்க் என்ற நிலைமைக்கு. களிமண்ணை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை. பக்கத்தில் சூளை வைத்திருக்கும் குயவர் ஒருவர் சுட்டுத் தருவார் என்றால் அதற்கு ஈடு எதுவும் இல்லை. அப்படி ஒருவர் இல்லாவிட்டால் செய்ததெல்லாம் டிசம்பர் மழைக்குள் விரிசல் விட்டு உதிர்ந்துவிடும்.

## எதை வைத்து எடை போடுவது

முதலில் நேரம். நாற்பது நிமிட பீரியடில் பிள்ளைகள் உட்கார்ந்து, பொருளை வாங்கி, நீங்கள் செய்து காட்டி முடிக்கப் பத்து நிமிடம் ஆகிவிடும். கடைசியில் கழுவித் துடைக்க இன்னொரு பத்து. கை வேலைக்கு மிஞ்சுவது இருபது நிமிடம். கழுவும் வேலை இல்லாத ஊடகம் என்றால் அதுவே முப்பது. வருஷ முழுக்கப் பார்த்தால் இது பெரிய வித்தியாசம்.

இரண்டாவது, திரும்பச் செய்யும் வாய்ப்பு. இதைத்தான் நான் மற்ற எல்லாவற்றுக்கும் மேலே வைக்கிறேன். பரீட்சை, விடுமுறை, ஆண்டு விழா ஒத்திகை, கணக்கு சார் "இன்னைக்கு மட்டும் குடுங்க" என்று வாங்கிக்கொள்ளும் பீரியடுகள் எல்லாம் போக வருஷத்துக்கு இருபத்தைந்து பீரியடு கையில் நின்றால் பெரிது. அந்த இருபத்தைந்தில் ஒரு பிள்ளை எத்தனை முறை வெறும் தாளின் முன்னால் உட்கார்ந்து புதிதாகத் தொடங்குகிறது? மூன்று முறையா, பத்து முறையா, இருபது முறையா? மூன்றே படம் வரைந்த பிள்ளைக்கு நன்றாக வந்த படம் ஏன் நன்றாக வந்தது என்று தெரியாது.

மூன்றாவது தாள். வண்ணத்தை ஒரு முறை வாங்கினால் சில மாதம் ஓடும். தாள் ஒவ்வொரு பீரியடும் தீரும். பட்ஜெட் போடும்போது எல்லோரும் மறக்கும் வரி இதுதான்.

அப்புறம் தண்ணீர் எங்கிருந்து வரும், ஈரப் படங்களை எங்கே காயவைப்பது, யூனிஃபார்மில் பட்டால் போகுமா என்பவை. இவை சில்லறை விஷயங்களாகத் தெரியும். ஆனால் எச்.எம். அறைக்கு உங்களை வரவழைப்பது இவைதான்.

## பென்சிலும் கரியும்

பென்சிலைப் பற்றி நீட்டிச் சொல்ல எதுவுமில்லை. அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் ஓவியம் லோயர், ஹையர் எழுதப் போகிறவர்களுக்கும், கவின் கலைக் கல்லூரி நுழைவுத் தேர்வுக்குத் தயாராகிறவர்களுக்கும் அது கட்டாயம். 2பி, 4பி, 6பி மூன்றும் போதும். பத்து பென்சில் கொண்ட செட் வாங்கினால் கடினமான ஹெச் வகைகள் பெட்டியிலேயே தூங்கும்.

கரி அப்படியல்ல. குச்சியைப் படுக்கவைத்துத் தேய்த்தால் ஒரே இழுப்பில் பானையின் இருட்டுப் பக்கம் வந்துவிடும். பென்சிலில் அரை மணி நேரம் ஷேடிங் போட்டும் சாம்பல் நிறத்தைத் தாண்டாத பிள்ளை, கரியில் முதல் நாளே கறுப்பு என்றால் என்னவென்று பார்த்துவிடுகிறது. வெளிச்சம், நிழல் சொல்லிக்கொடுக்க இதைவிட வேகமான வழி எனக்குத் தெரியாது. தாளும் மலிவு. அச்சகத்தில் மிஞ்சும் நியூஸ்பிரின்ட் போதும். அதன் சொரசொரப்பு கரியைப் பிடித்துக்கொள்ளும்.

மறைந்திருக்கும் செலவு தூசி. சீலிங் ஃபேன் ஓடும் வகுப்பறையில் நாற்பது பேர் கரியைத் தேய்த்தால் அடுத்த பீரியடு ஆங்கில ஆசிரியை மேஜையை விரலால் தொட்டுப் பார்ப்பார். ஃபேனை நிறுத்தினால் பிள்ளைகள் வியர்வையில் நனைந்து, அந்தக் கையோடு தாளைத் தொடுவார்கள். வீசிங் உள்ள பிள்ளை யாராவது இருக்கிறதா என்று முன்பே கேட்டுவிடுவது நல்லது. முடித்த படத்தைப் பாதுகாக்க ஃபிக்ஸேட்டிவ் ஸ்ப்ரே வேண்டும். அதை வராண்டாவில் வைத்துத்தான் அடிக்க வேண்டும், மூடிய அறையில் கூடாது. ஸ்ப்ரே வாங்கவில்லை என்றால் ஒவ்வொரு படத்துக்கும் இடையில் பழைய செய்தித்தாள் வைத்து அடுக்குங்கள்.

மரத்தடியிலோ வராண்டாவிலோ வகுப்பு நடத்த அனுமதி இருந்தால் கரி அருமையான தேர்வு. உள்ளேயேதான் என்றால், அரையாண்டுக்கு நாலைந்து பீரியடு போதும்.

## பேனாவும் மையும்

இதை யாரும் ஓர் ஊடகமாகவே கேட்பதில்லை. "பேனாவா? அது எழுதுறதுக்கு" என்பதுதான் நினைப்பு. கோயில் சிற்பங்களை ஓவியர் சில்பி, விகடன் பக்கங்களில் கொண்டுவந்தது மையில்தான். காந்தி நூற்றாண்டையொட்டி ஆதிமூலம் வரைந்த காந்திகள் கோடுகளால் ஆனவை. மதுரையின் தெருக்களையும் கோபுரங்களையும் மனோகர் தேவதாஸ் வரைந்ததும் பேனாவில். தமிழ்ப் பிள்ளைக்கு வீட்டுப் பழைய பத்திரிகையிலேயே பாடம் கிடைக்கும் ஊடகம் இது.

கணக்கைப் பாருங்கள். ஏ4 ஜெராக்ஸ் தாள் ஒரு ரீம் என்பது 500 தாள். நாற்பது பிள்ளைக்கு ஆளுக்குப் பன்னிரண்டு தாள் கொடுத்தால் 480. ஒரு ரீமில் ஒரு வகுப்பு முழுவதும் பன்னிரண்டு படம் வரையும். இரண்டு ரீம் வாங்கினால் வருஷம் முடிந்தது. பால்பாயின்ட் பேனா ஏற்கெனவே அவர்கள் சட்டைப் பையில் இருக்கிறது. இன்னும் ஒரு படி மேலே போக வேண்டுமென்றால் வாட்டர்புரூஃப் டிராயிங் இங்க் சில பாட்டில்களும், பென்சில் கனத்தில் சீவிய மூங்கில் குச்சிகளும் போதும். மூங்கிலைச் சாய்வாக வெட்டி, நுனியில் ஒரு சின்னக் கீறல் கொடுத்தால் மை இறங்கும். கோடு ஓர் இடத்தில் தடித்தும் ஓர் இடத்தில் வறண்டும் விழும். அந்த வறண்ட கோட்டைப் பார்த்தவுடன் பிள்ளைகள் பேனாவை வேறு மாதிரி பிடிக்கத் தொடங்குவார்கள்.

மையின் பெரிய லாபம், ரப்பர் வேலை செய்யாது என்பது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை பென்சிலில் வரையும்போது கவனித்துப் பாருங்கள். இருபது நிமிடத்தில் பாதி நேரம் ரப்பரில்தான் போகும். ஒரு மூக்கைப் பத்து முறை அழித்துத் தாளில் ஓட்டை விழும். பேனாவில் தப்பாகப் போன கோடு அங்கேயே இருக்கும். பக்கத்தில் சரியான கோட்டைப் போட வேண்டியதுதான். இரண்டு கோடும் தெரியும்போதுதான் தான் எங்கே விலகினோம் என்பது அந்தப் பிள்ளைக்கே புலப்படுகிறது.

என் வகுப்புகளில் பழக்கமான பயிற்சி இது. சைக்கிள் ஸ்டாண்டுக்கு அழைத்துப் போவேன். பதினொன்றாம் வகுப்புக்கு அரசு தரும் சைக்கிள்கள் எல்லாம் ஒரே மாதிரி வரிசையாக நிற்கும். தாளைப் பார்க்காமல் சைக்கிளை மட்டும் பார்த்து, பேனாவை எடுக்காமல் ஒரே கோட்டில் ஹேண்டில்பாரிலிருந்து பின்சக்கரம் வரை வரையச் சொல்வேன். முதலில் சிரிப்பு. வந்த படத்தில் சீட்டு எங்கோ, பெடல் எங்கோ கிடக்கும். ஆனால் பிரேக் கம்பி ஹேண்டில்பாரில் வளைந்து இறங்கும் இடம் மட்டும் அச்சு அசலாக இருக்கும், ஏனென்றால் அதை அன்றைக்குத்தான் பார்த்திருக்கிறார்கள். அடுத்து அதே சைக்கிளைத் தாளையும் பார்த்து வரையச் சொன்னால் சக்கரம் வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாக வரும். சாய்ந்த கோணத்தில் நின்று பார்க்கும் சக்கரம் எப்படிக் குறுகுகிறது என்பதை நான் கரும்பலகையில் விளக்கி வராத பலன் அது.

குறை என்ன? வண்ணம் இல்லை. பெற்றோர் கூட்டத்தில் சுவரில் மாட்டினால் "கலர் ஒண்ணும் பண்ணலையா?" என்று கேட்பார்கள். எச்.எம்.மும் கேட்பார். வண்ணம்தான் தன் பலம் என்று தெரிந்த பிள்ளைக்கு இது வருஷ முழுக்க வறட்சியாக இருக்கும். இந்தக் காரணத்தாலேயே பேனாவை மட்டும் வைத்து ஆண்டை ஓட்ட நான் சொல்ல மாட்டேன்.

## வாட்டர் கலர்

எல்லோருக்கும் ஆசை இதன்மேல்தான். நியாயமான ஆசை. ஈரத் தாளில் நீலம் பரவி வானமாவதைப் பார்த்த பிள்ளையின் முகத்தைப் பார்த்தால் நாமும் கடன் வாங்கியாவது வாங்கிவிடுவோம். ஆனால் வகுப்பறைக்குள் கொண்டுவரும்போது அதிகம் படுத்துவதும் இதுதான்.

முதல் தொல்லை தாள். பள்ளி டிராயிங் நோட்டின் தாள் வாட்டர் கலருக்கானதல்ல. இரண்டாவது முறை ஈர பிரஷ் பட்டதும் நூல் விட்டு, உருண்டை உருண்டையாகத் தேய்ந்து வரும். நடுவில் குழிந்து தண்ணீர் குளம் கட்டும். பிள்ளை "எனக்கு வாட்டர் கலர் வராது சார்" என்று முடிவு கட்டிவிடும். உண்மையில் வராதது தாளுக்குத்தான். 300 ஜிஎஸ்எம் தாள், அதாவது சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள கெட்டித் தாள் வேண்டும். 22×30 அங்குலத் தாள் ஒன்றை எட்டாக வெட்டினால் ஒவ்வொன்றும் 11×7.5 அங்குலம். நாற்பது பேருக்கு ஒரு பயிற்சிக்கு ஐந்து முழுத் தாள். பத்துப் பயிற்சி என்றால் ஐம்பது. கடையில் ஒரு தாளின் விலையைக் கேட்டு ஐம்பதால் பெருக்கிப் பாருங்கள். அதன் பக்கத்தில் இரண்டு ரீம் ஜெராக்ஸ் தாளின் விலையை எழுதுங்கள். வண்ணம் கட்டி கட்டியாக இருக்கும் கேக் பெட்டி மலிவு என்று யார் சொன்னாலும் மயங்கக் கூடாத காரணம் இதுதான்.

இரண்டாவது தண்ணீர். ஆளுக்கு இரண்டு கிண்ணம் வேண்டும், கழுவ ஒன்று, கலக்க ஒன்று. ஒரே கிண்ணம் கொடுத்தால் மூன்றாவது நிமிடம் எல்லா வண்ணமும் சேற்று நிறமாகும். தண்ணீர் பாட்டில்களின் அடிப்பாகத்தை வெட்டி வைத்துக்கொண்டால் கிண்ணச் செலவு இல்லை. பெஞ்சு ஆடும் வகுப்பில் எதுவாக இருந்தாலும் கவிழும், அதற்குப் பழைய துணி தயாராக இருக்கட்டும்.

மூன்றாவது காய்வது. இங்கே ஃபேனும் பருவமும் ஆட்டம் காட்டும். ஃபேனுக்கு நேர் கீழே உட்கார்ந்த பிள்ளையின் வாஷ் (தண்ணீர் கலந்து மெல்லியதாகப் பரப்பும் பூச்சு) பாதியிலேயே காய்ந்து விளிம்பில் கறை கட்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அதே வாஷ் மணி அடிக்கும்வரை காயாது. ஜூலை, ஆகஸ்டு மாதங்கள்தான் இதற்கு வசதியானவை.

இத்தனைக்கும் மேலே கற்பிக்கும் சிரமம் ஒன்று உண்டு. வெளிச்சமான இடத்தைத் தாளின் வெள்ளையாகவே விட்டு, வெளிறிய வண்ணத்தில் தொடங்கி இருட்டுக்குப் போக வேண்டும். எதை விடப்போகிறோம் என்பதை வரையும் முன்பே முடிவு செய்ய வேண்டும். பதினான்கு வயதில் இந்த ஒழுங்கு எளிதில் வராது. பெட்டியிலிருக்கும் வெள்ளைக் கேக்கை முதல் நாளே வாங்கி உங்கள் மேஜை டிராயரில் பூட்டிவிடுங்கள். அது கையில் இருக்கும்வரை யாரும் தாளின் வெள்ளையைக் காப்பாற்ற மாட்டார்கள்.

பிரஷ் விஷயத்தில் சிக்கனம் செய்யலாம். பூஜ்யம் முதல் பன்னிரண்டு வரை செட்டாக வாங்க வேண்டாம். எட்டாம் நம்பர் ரவுண்ட் பிரஷ் ஆளுக்கு ஒன்று, நுனி கூடி நிற்பதாக. கடையிலேயே தண்ணீரில் நனைத்து உதறிப் பாருங்கள். மயிர் இரண்டாகப் பிரிந்தால் வைத்துவிட்டு வாருங்கள்.

தாளைப் பலகையில் ஒட்ட டிராயிங் போர்டு தேடி அலையாதீர்கள். ஒவ்வொரு பிள்ளையிடமும் பரீட்சை அட்டை இருக்கிறது. நான்கு பக்கமும் மாஸ்கிங் டேப் ஒட்டினால் தாள் குழியாது, காய்ந்து டேப்பை உரித்ததும் கிடைக்கும் வெள்ளை ஓரமே படத்துக்கு ஃபிரேம் போட்ட மாதிரி தெரியும்.

இருபது பேருக்குக் குறைவான வகுப்பு, இரட்டை பீரியடு, அறைக்கு வெளியே குழாய், தாளுக்குப் பணம் ஆகிய நான்கில் குறைந்தது மூன்று இருந்தால் வாட்டர் கலருக்குப் போங்கள். ஒன்றுதான் இருக்கிறது என்றால் பள்ளிக்குப் பின் நடக்கும் ஓவிய மன்றத்துக்கு ஒதுக்கிவிடுங்கள்.

## போஸ்டர் கலர்

கடைக்காரர் சொன்னது தவறில்லை. வாட்டர் கலர் படுத்தும் இடங்களில் பலவற்றில் இது பிள்ளையை மன்னிக்கும். தண்ணீரில் கரையும், ஆனால் மறைக்கும். தப்பாகப் போன நீலத்தின் மேல் மஞ்சள் பூசலாம். இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கும் வரலாம். டிராயிங் நோட் தாளும், சார்ட் பேப்பரின் வெள்ளைப் பக்கமும் தாங்கும். சட்டையில் பட்டால் அன்றே ஊறவைத்தால் பெரும்பாலும் போய்விடும்.

வண்ணத்தைப் பாடமாகச் சொல்லிக்கொடுக்க இதுதான் சரி. ஆனால் பன்னிரண்டு குட்டி பாட்டில் கொண்ட செட்டை வாங்கினால் அந்தப் பாடமே போய்விடும், பச்சை வேண்டுமென்றால் பச்சை பாட்டிலைத் திறப்பார்கள். லெமன் எல்லோ (மஞ்சள்), கிரிம்சன் (சிவப்பு), அல்ட்ராமரின் (நீலம்), கறுப்பு ஆகியவற்றைப் பெரிய பாட்டிலாகவும், வெள்ளையை அவற்றைப் போல இரண்டு மடங்கும் வாங்குங்கள். எந்த செட்டிலும் முதலில் தீர்வது வெள்ளைதான். வெள்ளை தீர்ந்த பிறகு மிஞ்சும் ஊதாவையும் பிரவுனையும் வைத்துக்கொண்டு வருஷத்தை ஓட்ட முடியாது. மஞ்சளில் துளி கறுப்பைக் கலந்தால் வேப்ப இலையின் பச்சை வரும். நீலமே இல்லாமல் பச்சை வந்ததை ஒரு பிள்ளை கண்டுபிடித்துவிட்டால் அன்றைக்கு வகுப்பில் சத்தம் அடங்காது. அடங்க வேண்டியதும் இல்லை.

பதம் முக்கியம். தோசை மாவுப் பதத்தில் கலக்கச் சொல்லுங்கள், ஒரு வார்த்தையில் புரிந்துவிடும். இதைவிடக் கெட்டியாகப் பூசினால் காய்ந்து வெடிக்கும். சுருட்டி எடுத்துப் போகும்போது வில்லை வில்லையாக உதிரும்.

மறைந்திருக்கும் சங்கடங்கள் இரண்டு. ஒன்று, காய்ந்த பிறகும் இது தண்ணீரில் கரையும். மேலே இன்னொரு வண்ணத்தை ஈரமாகத் தேய்த்துக்கொண்டே இருந்தால் அடி வண்ணம் எழும்பிக் கலங்கிவிடும். ஒரே தடவை வைத்து, பிரஷைத் தூக்கிவிடப் பழக்க வேண்டும். இரண்டு, ஒரு படம் முடிய மூன்று நான்கு பீரியடு ஆகும். அதனால் வருஷத்துக்கு ஆறு, ஏழு படம்தான் கிடைக்கும். இதைச் சரிக்கட்ட நான் தாளைச் சிறிதாக்குவேன். அஞ்சலட்டை அளவில் ஒரே வண்ணமும் வெள்ளையும் மட்டும் வைத்து ஐந்து படி வெளிச்சத்தில் ஒரு தக்காளி. ஒரு பீரியடில் முடிந்துவிடும்.

சிபிஎஸ்இ பள்ளியில் மேல்நிலை வகுப்பில் பெயிண்டிங்கைப் பாடமாக எடுத்த பிள்ளைகளுக்கு எழுத்து 30, செய்முறை 70 மதிப்பெண். அங்கே வண்ணத்தில் கை பழகாமல் போக வழியில்லை. ஒன்பதிலேயே போஸ்டர் கலரைத் தொட்டிருந்தால் நல்லது. மாநிலப் பாடத்திட்ட அரசுப் பள்ளிகளில் 2022-23 கல்வியாண்டில் தொடங்கிய கலைத் திருவிழாப் போட்டிகளுக்கு அனுப்பும் பிள்ளைகளுக்கும் அப்படித்தான். போட்டியில் குறித்த நேரத்துக்குள் முடிக்கச் சொல்லும்போது பழகாத வண்ணத்தைத் தொட்டால் கை நடுங்கும்.

## அக்ரிலிக்

பானை, துணி, கேன்வாஸ் போர்டு, சுவர் என்று எதன் மேலும் நிற்கும், பளிச்சென்று இருக்கும், கண்காட்சியில் முதலில் கண்ணில் படும். இருந்தும் வாராந்தர வகுப்புக்கு நான் பரிந்துரைப்பதில்லை. காய்ந்துவிட்டால் எதிலிருந்தும் போகாது. யூனிஃபார்ம் சட்டையில் பட்ட அக்ரிலிக் அந்தச் சட்டையோடு ப்ளஸ் டூ வரை போகும். பத்து நிமிடம் கழுவாமல் விட்ட பிரஷ் குச்சியாகிவிடும். நாற்பது பேர் வகுப்பில் வாரம் நாலைந்து பிரஷாவது அப்படிப் போகும், எந்த எஸ்டிமேட்டிலும் அது எழுதப்பட்டிருக்காது. சித்திரை வெயிலில் பேலட்டில் பிழிந்த வண்ணம் கலக்கும் முன்பே தோல் கட்டும். கழுவிய தண்ணீரைப் பள்ளிச் சாக்கடையில் ஊற்றினால் அது பிளாஸ்டிக் படலமாகப் படியும்.

ஒரே ஒரு வேலைக்கு அக்ரிலிக் வகையை விட்டால் வேறு கிடையாது: காம்பவுண்டு சுவர். அதற்கும் ஓவியக் கடை ட்யூப் வேண்டாம். ஹார்டுவேர் கடையில் வெள்ளை எக்ஸ்டீரியர் எமல்ஷன் (வெளிச்சுவர் பெயிண்ட்) ஒரு டின், கூடவே அதில் நிறம் கலக்க நாலைந்து ஸ்டெய்னர் பாட்டில். வேண்டிய நிறத்தை நீங்களே கலந்துகொள்ளலாம். செலவு பெருமளவு குறையும், மழைக்கும் நிற்கும்.

## லினோ

லினோ என்பது லினோலியம் தகட்டை உளியால் வெட்டி, மேலே மை தடவித் தாளில் அச்செடுக்கும் முறை; வெட்டிய தகட்டைத்தான் கட்டை என்கிறோம். வங்க ஓவியர் நந்தலால் போஸ் 1930-ல் தண்டி யாத்திரையையொட்டி வெட்டிய லினோவைப் பலரும் பார்த்திருப்பார்கள். கறுப்புப் பின்னணியில் வெள்ளைக் கோடுகளாக, கோல் ஊன்றி நடக்கும் காந்தி. வகுப்பில் அதைக் காட்டிவிட்டு, எவ்வளவு குறைவாக வெட்டியிருக்கிறார் என்று கேளுங்கள். கோட்டை மட்டும் வெட்டி மீதியை விட்டால் போதும் என்பது உடனே பிடிபடும்.

லினோவில் ஒரு பிள்ளை வருஷத்துக்கு இரண்டு, மூன்று கட்டைதான் முடிக்கும். ஆனால் ஒரு கட்டையிலிருந்து இருபது பிரதி எடுத்து நண்பர்களுக்குக் கொடுக்கலாம் என்பதால் அந்தக் குறைவு உறுத்தாது. எழுத்தைத் திருப்பிப் போடாவிட்டால் பெயர் கண்ணாடியில் பார்ப்பது போல் அச்சாகும். முதல் கட்டையில் எல்லோரும் இதில் மாட்டுவார்கள், அது நல்ல வேடிக்கை.

தடை, கத்தி. வி வடிவ உளியைப் பிடிக்காத கை எப்போதும் அதன் முனைக்குப் பின்னால்தான் இருக்க வேண்டும். நாற்பது பேரை ஒரே நேரத்தில் இதைச் செய்யவிட்டு ஒரே ஆளாகக் கவனிப்பது ஆகாத காரியம். எட்டுப் பேர் வெட்ட, மற்றவர்கள் பேனாவில் வரைய, சுற்று முறையில் விடுங்கள். அப்படிச் செய்தால் எட்டு செட் உளியும் ஒரே ஒரு ரோலரும் போதும். லினோவை வெட்டும் முன் பத்து நிமிடம் வெயிலில் காட்டினால் இளகும், உளி வழுக்காது. மையைப் பரப்பப் பழைய டைல்ஸ் ஒன்று, அச்சுக்கு எவர்சில்வர் கரண்டியின் முதுகு. எண்ணெய் மை என்றால் ரோலரை முதலில் சமையல் எண்ணெயில் துடைத்துவிட்டு அப்புறம் சோப்பு போடுங்கள்.

கத்திக்கு எச்.எம். சம்மதிக்காவிட்டால் கைவினைக் கடையில் விற்கும் ஃபோம் ஷீட்டில் பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி வரைந்தே அச்செடுக்கலாம். கோடு மெல்லியதாக வரும், ஆனால் வரும்.

## ஒரே பார்வையில்

படங்களின் எண்ணிக்கை இருபத்தைந்து பீரியடுக்கு என் மதிப்பீடு. உங்கள் வகுப்பில் முன்பின் இருக்கலாம்.

| ஊடகம் | முடியும் படங்கள் | தண்ணீர் | பணம் கசியும் இடம் | யூனிஃபார்முக்கு | எங்கே பொருந்தும் |
|---|---|---|---|---|---|
| கரி | 15–20 | கை கழுவ மட்டும் | ஃபிக்ஸேட்டிவ் | துவைத்தால் போகும் | வராண்டா, மரத்தடி |
| பேனா, மை | 20–25 | வேண்டாம் | எதுவுமில்லை | டிராயிங் இங்க் போகாது | எந்த வகுப்பிலும் |
| வாட்டர் கலர் | 8–10 | நிறைய | 300 ஜிஎஸ்எம் தாள் | பெரும்பாலும் போகும் | சிறு வகுப்பு, இரட்டை பீரியடு |
| போஸ்டர் கலர் | 6–7. சிறு தாளில் 12 | கொஞ்சம் | வெள்ளை பாட்டில் | பெரும்பாலும் போகும் | வண்ணப் பாடம், போட்டி |
| அக்ரிலிக் | 3–4 | நிறைய | கெட்டுப்போகும் பிரஷ் | போகவே போகாது | சுவர், துணி, பானை |
| லினோ | 2–3 கட்டை | கொஞ்சம் | உளி, ரோலர் (ஒரு முறை) | எண்ணெய் மை போகாது | சுற்று முறை, இரட்டை பீரியடு |

## யாருக்கு எது

வாரம் ஒரு பீரியடு, நாற்பதுக்கு மேல் பிள்ளைகள், தண்ணீர் தூரம் என்றால் ஜூன் முதல் காலாண்டுத் தேர்வு வரை பேனா, அதற்குப் பின் சிறிய தாளில் போஸ்டர் கலர். என்னிடம் கேட்டவர்களில் பெரும்பாலோருக்கு நான் சொன்னது இதுதான். கையும் கண்ணும் பேனாவில் பழகிய பிறகு வண்ணத்துக்கு வரும் பிள்ளை, வண்ணத்தை வைத்துக் கோட்டின் குறையை மூட முயல்வதில்லை.

தொழில்நுட்பத் தேர்வோ கவின் கலைக் கல்லூரியோ இலக்கு என்று சொல்லும் நாலைந்து பிள்ளைகள் ஒவ்வொரு வகுப்பிலும் இருப்பார்கள். அவர்களுக்காக முழு வகுப்பையும் பென்சில் ஷேடிங்கில் உட்காரவைக்க வேண்டாம். மாலையில் அரை மணி நேரம் தனியாகப் பார்த்துக்கொள்ளலாம்.

இருபது பேர் கொண்ட தனியார் பள்ளி, சின்க் வைத்த ஓவிய அறை என்று வாய்த்தவர்கள் தயங்காமல் வாட்டர் கலரில் தொடங்குங்கள், லினோவை இரண்டாம் பருவத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டு விழாவில் "நம்ம பசங்க பண்ணது" என்று காட்டியே ஆக வேண்டிய நெருக்கடி இருந்தால் எமல்ஷனில் ஒரு சுவர். ஒரு வாரத்தில் முடியும், நிர்வாகமும் உங்களை வருஷ முழுக்கத் தொந்தரவு செய்யாது.

எதை எடுத்தாலும் ஈரப் படங்களைக் காயவைக்கும் ஏற்பாட்டை ஆர்டர் கொடுக்கும் முன்பே செய்துவிடுங்கள். வராண்டாவின் நீளத்துக்கு நைலான் கயிறும் நூறு துணி க்ளிப்பும் போதும். இன்னொன்று: மொத்தமாக நாற்பது செட் சொல்லும் முன் ஒரு தாள், ஒரு பாட்டில், ஒரு பிரஷ் மட்டும் வாங்கி வந்து, உங்கள் வகுப்பறையிலேயே, ஃபேன் ஓடும்போதே, இருபது நிமிடத்தில் ஒரு படம் போட்டுப் பாருங்கள். தாள் நூல் விட்டாலோ பிரஷ் மயிர் கொட்டினாலோ அந்த பில்லோடு கடைக்குப் போய் வேறு ரகம் கேளுங்கள். நாற்பது செட் வந்து இறங்கிய பிறகு கடைக்காரர் மாற்றித் தரமாட்டார்.